பத்துக்கு ஆறு

அகஸ்தியன்பள்ளி உப்பளத்து வரப்பில்
பதினோரு பேர் நிற்கிறோம்.
பதிவேட்டில் பன்னிரண்டு.

தொலைநோக்கி முக்காலியின் ஒரு கால்
திருத்துறைப்பூண்டி பஸ்ஸோடு போய்விட்டது.
அந்தக் காலாக
மண்டியிட்டிருக்கிறான் அருள்ராயன்.
"மூச்சு விடாதடா, வியாழன் ஓடுது"
என்கிறாள் சபூரா.
நிலா மூணு. இல்ல, நாலு.
அவன் தும்மினான்.
எல்லாம் போச்சு.

பன்னிரண்டாமவள் தையல்நாயகி
குதிகால் கொப்புளத்தில் உப்பு ஏற,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
அரைமணி கழித்து வந்தாள்.
கோடியக்கரைக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர்.
மேலே பார்க்கவே இல்லையாம்,
வழுக்கும் என்று பயம்.
பாத்தித் தண்ணீரில் கிடந்ததைத்தான்
பார்த்தபடி நடந்தாளாம்.

திங்கட்கிழமை நோட்டுகள் திரும்பின.
வேட்டைக்காரனைத் தலைகீழாக வரைந்திருக்கிறாள்:
வாள் மேலே, தோள் கீழே.
சிவப்பு மையில் பத்துக்கு ஆறு.
அந்தப் பக்கம் மட்டும்
விரலில் பிசுபிசுக்கிறது.