சிவப்பு உடுக்குறி

சம்மாந்துறை கமநல நிலையத்தில்
புதிய முறைமை வந்து பதினோராம் மாதம்
வினாக்கொத்தோடு போனேன்.
"இம்முறைமை என் வேலையை இலகுவாக்கியுள்ளது."
ஐந்து எண்கள். ஒன்றுக்கு வட்டமிடுக.

முபீதா எல்லாவற்றிலும் நான்கைச் சுற்றினார்,
வாசிக்காமலே.
பேனையை மூடிக்கொண்டு கேட்டார்:
"சேர், இது கொழும்புக்குப் போகுமா?"
போகாது என்றேன்.

அதற்குப் பிறகுதான்
இரண்டாவது லாச்சி திறந்தது.
சீ.ஆர். கொப்பி,
மட்டையில் தேத்தண்ணி வட்டம்.

திரையில் ஒரு வயலுக்கு ஒரு பெயர்.
பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு உடுக்குறி;
நிரப்பாமல் அடுத்த பக்கம் வராது.
கொப்பியில்
அதே மூன்று ஏக்கருக்கு நான்கு பேர்:
சீதனமாய் எழுதி வாங்கிய மகள்,
கட்டாரில் இருக்கும் அவள் புருசன்,
இந்தப் போகம் குத்தகைக்குச் செய்கிறவர்,
உரம் வந்தால் கையொப்பம் வைக்க வருகிற மச்சான்.
ஐந்தாவது பென்சிலில்,
கேள்விக்குறியோடு.

"அப்ப திரையில யாரப் போடுவீங்க?"
"வட்டை விதானைக்கு போன் எடுப்பன்.
அவர் சொல்ற பேரு."

பகலில் திரை சுற்றிக்கொண்டே இருக்கும்.
பிள்ளை உறங்கியபின்
வீட்டில் வைத்துத்தான் பதிவு,
அதுவும் தேவசகாயம் சேரின் கடவுச்சொல்லில்.
அவர் இடமாற்றமாகிப் பொத்துவில் போய் ஆறு மாதம்.
தலைமையகத்தின் வரைபடத்தில்
இன்னும் இரவு பதினொன்றுக்கு
சம்மாந்துறையில் உழைத்துக்கொண்டிருக்கிறார்.
சென்ற காலாண்டு
பாராட்டுக் கடிதமும் வந்ததாம்.

என் ஆய்வேட்டில் மூன்று கட்டங்கள் உண்டு:
பயனர், தொழில்நுட்பம், நிறுவனம்.
இடையில் அம்புக்குறிகள்.
லாச்சியை எந்தக் கட்டத்துக்குள் தள்ளுவது
என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில்
கதவருகே ஒருவர்,
காலில் காயாத வயல்சேறு,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
"தங்கச்சி, கம்பியூட்டர்ல என்ட பேர் இல்லயாம்."

முபீதா திரையைப் பார்க்கவில்லை.
எச்சில் தொட்டு நாலு தாள் புரட்டினார்.
"இரிங்க காக்கா.
உங்கட பேர் இஞ்ச இரிக்கி."

பஸ்ஸில் வரும்போது
வினாக்கொத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பதினேழாவது கேள்வி:
"முறைமைக்கு வெளியே வேறு பதிவேடு பேணுகிறீர்களா?"
இல்லை என்பதில் வட்டம்,
நல்ல உருண்டையாக.

நான் அதைத் திருத்தவில்லை.
காரைதீவுச் சந்தி தாண்டியதும்
பையிலிருந்த என் சொந்தக் கொப்பியை எடுத்து
தேதியை மட்டும் எழுதினேன்.