நாலு புள்ளி

தக்கலை கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையில்
பாதி மேசையை வாடகைக்கு எடுத்துத் தட்டச்சு செய்கிறேன்.
ஏழு வருடத்தில் எத்தனையோ பேருக்கு
"அவரும் இவரும் ஒருவரே" என்று
அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

கௌரவ கேப்டன் ஞானசிகாமணி, வயது எழுபத்தெட்டு,
வேர்க்கிளம்பி பஸ்ஸில் வந்து இறங்குவார்.
நனைந்த குடையை உள்ளே கொண்டுவர மாட்டார்.
ஃபைலைத் திறந்ததும் முதலில் தேதி சொல்வார்,
அப்புறம்தான் வணக்கம்.

வழக்கு, ஒரே ஒரு எழுத்து.
மனைவி பெயர் ரெத்தினபாய்.
வடக்கே ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் எவனோ ஒரு கிளார்க்
இங்கிலீஷில் எழுதும்போது
பி-க்கும் ஏ-க்கும் நடுவே ஒரு ஹெச் செருகிவிட்டான்.
இந்தியில் அது சகோதரன்.
பின்னால் வந்த கிளார்க் அதைப் படித்து
பாலினக் கட்டத்தில் ஆண் என்று திருத்தினான்,
தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷத்தோடு.
ராணுவக் கணக்கில் ஐம்பது வருடமாக
கேப்டன் ஒரு அண்ணனோடு குடும்பம் நடத்துகிறார்.

சிரித்துவிட்டேன். அவரும்தான்.
"சிரிக்கலாம் பிள்ளே. நான் போனதுக்கு அப்புறம்
பென்சன் அவளுக்க பேருக்கு மாறணும் கேட்டியா.
அந்நேரம் ஒரு ஆம்பளயத் தேடி வருவானுவ."

முதல் கடிதத்துக்குப் பதில்: மூலப்பதிவின் நகல் தேவை.
மூலப்பதிவு அவர்களிடம்தான் இருக்கிறது.
இரண்டாவதுக்கு: இரு நாளிதழில் விளம்பரம்.
கொடுத்தார்.
நினைவஞ்சலிக்கும் ரப்பர் தோட்டம் விற்பனைக்கும்
இடையில் வந்தது.
சபைக்காரர்கள் நாலைந்து பேர் பதறி போன் செய்தார்கள்,
அம்மாவுக்கு என்ன ஆச்சு, எப்போ அடக்கம் என்று.
மூன்றாவதுக்குப் பதிலே இல்லை.

நான் அடித்து முடிக்கும்வரை மேசை ஓரத்தில்
அவர் விரல் தட்டிக்கொண்டே இருக்கும்.
கை நடுக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.
"சிக்னல்ஸ்ல முப்பது வருசம்.
ஹெச் என்கது நாலு புள்ளி. டிட் டிட் டிட் டிட்.
மூணுன்னா எஸ். அஞ்சுன்னா எழுத்தே இல்ல, இலக்கம்.
எழுபத்தொண்ணுல விடிய விடிய வாங்கியிருக்கேன்.
ஒரு புள்ளி கூடினா
ஒரு கம்பெனி வேற மலைக்கு ஏறிப் போயிரும்.
நான் கூட்டினதில்ல."

இன்று ரெத்தினபாயும் கூட வந்தார்.
பையில் எனக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம்.
கேப்டன் பிரமாணத்தை வரி வரியாக வாசிக்க
அவர் ஜெராக்ஸ் மெஷினில் ஓடும் வெளிச்சத்தையே
பார்த்துக்கொண்டிருந்தார்.
"மேற்படி இரு பெயர்களும் என் ஒரே மனைவியையே குறிக்கும்."
"ஒரே வேணுமா?" என்றார்.
"வேணும்" என்றார் கேப்டன்.

மூன்றாம் பக்கத்தில் நான் மாட்டிக்கொண்டேன்.
தவறான பெயரை ஏழு முறை அடித்த விரல்
சரியான பெயரிலும் அந்த ஹெச்சைப் போட்டிருந்தது.
முத்திரைத்தாள். வெள்ளை பூசக் கூடாது.
நான் வாய் திறப்பதற்குள்
அவர் விரல் அங்கே வந்து நின்றுவிட்டது.
தட்டவில்லை.
வெகுநேரம் அந்த எழுத்தையே பார்த்தார்.
"நாலு வருசமா அவன ஏசிட்டு இருக்கேன்" என்றார்.
"ராத்திரி டூட்டியா இருந்திருப்பான்."

புதுத்தாள் வாங்க வெண்டரிடம் போனார்.
குடையை மறந்துவிட்டுப் போனார்.

ரெத்தினபாய் வீணான தாளைக் கேட்டு வாங்கி
மூலையில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார்.
பத்தாண்டாக எங்கும் போட்டதில்லையாம்.
ரெ. த். தி. ன. பா. ய்.
ஹெச் நுழைய அதில் சந்து இல்லை.
தெருவில் கூப்பிடுகிற பாய்க்கும்
படுக்க விரிக்கிற பாய்க்கும் இவருக்கும்
தமிழ் ஒரே பா-வைத்தான் கொடுத்திருக்கிறது.
மொத்தப் பெயருக்கும் புள்ளி இரண்டு.
த்-க்கு ஒன்று, ய்-க்கு ஒன்று.
எழுதி முடித்துவிட்டுத் திரும்ப வந்து
அந்த இரண்டையும் அழுத்திக் குத்தினார்.

தாளை எடுத்தபோது பார்த்தேன்.
மேசைப் பலகை வரை இறங்கியிருந்தது.