கால் விட்ட எழுத்து

அழகன்குளம், வையையின் கழிமுகம்

எழுத்துக்கு ஒரு கருவாடு.
அதுதான் என் கூலி.
காடன் மூன்று கொடுத்தான். மூன்றும் சாளை,
ஒன்றுக்குத் தலை இல்லை.

சுட்ட தாழியில் எழுதுவது
பச்சை மண்ணில் எழுதுவது போல் இல்லை.
ஆணி வழுக்கும். பல் கூசும்.
பிழைத்தால் அழிக்க முடியாது.
பிழை மேல் இன்னொரு கோடு இழுத்தால்
இரண்டு பிழை.

அன்றைக்குக் கச்சான் திடீரென்று எழுந்தது.
மாந்தைக்குப் போகும் தோணியில்
பாய் படபடத்துக்கொண்டிருந்தது.
துணிக்கட்டை முதுகிலிருந்து இறக்காமலே கேட்டான்:
முடிந்ததா?
முடிந்தது என்றேன்.

தாழி நிறைய வரகு,
அவன் திரும்பும் வரை கொற்றிக்கும் பிள்ளைக்கும்.
பண்டசாலையின் மேற்குச் சுவரோரம்
யவனச் சாடிகளின் பிசின் நாற்றத்தில்
அதை நிறுத்தினோம்.

கொற்றி நாள்தோறும் வருவாள்,
நாழியை விட்டு அள்ளுவாள்,
கையில் ஒட்டிய உமியை எழுத்தின் மேல் துடைப்பாள்.
அவளுக்கு அது ஒரு கீறல்,
சிப்பி கிழித்த முழங்காலில் இருப்பது போல.

கார் கழிந்தது. வாடை வந்தது.
தோணி வரவில்லை.
அந்துவன் வந்தான்.
சங்கு குளிக்கப் படகு தருபவன்,
தந்ததையெல்லாம் கயிற்றில் முடிச்சிட்டு
இடுப்பில் கட்டிக்கொண்டு திரிபவன்.
காடன் கயிற்றில் பதினோரு முடிச்சு.

இதில் என்ன எழுதியிருக்கிறது, படி.

படித்தேன்: காடன்.
படித்த பிறகுதான் பார்த்தேன்.
இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் ககரம்.
அதன் தலையோரம் இருக்க வேண்டிய சிறு கீற்று,
ஒரு நெல்லின் மூக்களவு,
இல்லை.
காற்றுக்கும் கால் என்றுதான் பெயர்.
அது வந்த அவசரத்தில் இது போயிற்று.
கால் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது அவன் பெயர்,
இத்தனை மாதமும்,
கடன் என்று.

நான் பொய் சொல்லவில்லை.
இருக்க வேண்டியதைப் படித்தேன்.

அந்துவன் நம்பாமல்
மணி விற்கும் திசனைக் கூட்டி வந்தான்.
வடக்கத்திப் பையன். எழுத்து தெரியும்,
எங்கள் பேச்சில் தண்ணீர், சோறு, விலை
மூன்று சொல் தெரியும்.
விரலால் தடவி, கல் எண்ணுகிறவன் போல
ஒவ்வொன்றாகச் சொன்னான்:
க.
ட.
ன.
பொருள் தெரியாதவன் சரியாகப் படித்தான்.

தாழியே ஒப்புக்கொள்கிறது, கேட்டீர்களா!
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
ஆணி வேறொருத்தி கையில் இருந்திருந்தால்
நானும் சிரித்திருப்பேன்.
கூலி எழுத்துக்குத்தான், கோட்டுக்கு இல்லை
என்று ஒரு பேச்சு நாக்கு வரை வந்தது.
விழுங்கினேன்.

கொற்றி தாழியின் கழுத்தைப் பிடித்தாள்.
அவன் இடுப்பைப் பிடித்தான்.
சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை.
வரகு மணலில் கொட்டியது.
அந்துவன் கயிற்றை எடுத்து
ஒரு முடிச்சை அவிழ்த்தான்.
ஒன்றே ஒன்று.

பொழுது சாயும் வரை
அவள் மணலைப் புடைத்தாள்.
நானும் எதிரே உட்கார்ந்து பொறுக்கினேன்.
போ என்றும் சொல்லவில்லை அவள்,
இரு என்றும் சொல்லவில்லை.
நண்டுகள் தங்கள் பங்குக்கு வந்தன.

தையில் தோணி வந்தது.
காடன் வரவில்லை.
துணி விற்ற காசு வந்தது
வேறொருவன் மடியில்,
இவ்வளவு என்று எதிலும் எழுதாமல்.
அவன் சொன்னதுதான் கணக்கு.

எழுத்துள்ள ஓட்டை நான் எடுத்து வந்துவிட்டேன்.
மீன் செதிள் உரசுகிறேன் அதில்.
வழவழத்த பக்கம் உதவாது.
ஆணி கீறிய பக்கம் நன்றாகப் பற்றுகிறது.
மூன்றாவது எழுத்தில் மட்டும்
செதிள் போய் அடைத்துக்கொள்கிறது,
கழுவினாலும் போகமாட்டேன் என்கிறது.