ஒன்பதாம் வகுப்பு, யகூத்தியா

என் மேசைக்காலருகே கோலிக்குண்டு.
விட்டதும் உருள்கிறது.
போன செப்டம்பரில் மூன்றாம் பெஞ்சோடு நின்றது;
இன்று சுவரில் போய் முட்டுகிறது.
"சாய்வைக் கணக்கிடுங்கள்."

சன்னலுக்கு வெளியே எர்ச்சிம்
இரும்புக்கம்பியை மண்ணில் இறக்குகிறான்.
பனி தட்டுகிற ஆழம்
ஒரு மீட்டர் எழுபத்திரண்டு.
அவன் உயரத்தைத் தாண்டிவிட்டது.
கோடையெல்லாம் அவனும்தான் வளர்ந்தான்.

'நிரந்தர உறைமண்' என்கிறது புத்தகம்.
முதல் சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டு
குன்னேய் எழுந்து கேட்கிறாள்:
"பரீட்சையில் எதை எழுத?"

தாள் திருத்துபவர் மாஸ்கோவில் இருப்பார்,
கல்போல் கெட்டியான தரைமேல்.
எனக்குத் தெரிந்த விடைக்கு
மதிப்பெண் உண்டா, தெரியாது.

மணியடிக்கிறது.
கதவு வரவில்லை; நிலை கோணிவிட்டது.
பையன்கள் பழக்கத்தில் தோள்கொடுக்கிறார்கள்.
குன்னேய் மட்டும்
நோட்டைத் திறந்தபடி
என்னையே பார்த்துக்கொண்டு.