பதினோரு பங்கில் வராதது

பள்ளத்தூர் வீட்டைப் பதினோரு பங்காகப் பிரித்த அன்று
கரண்டியைக்கூட நிறுத்துப் பார்த்தோம்.
பர்மாத் தேக்கு நிலைக்கு மூன்று பேர் குரல் உயர்த்தினார்கள்.
ஒரு இடியாப்பக் கட்டைக்காகச் சாத்தப்பச் சித்தப்பா
சாப்பிடாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாமான் அறை மூலையில் கிடந்ததற்கு மட்டும்
யாரும் வாய் திறக்கவில்லை.

ஒன்பது பெயிண்ட் டப்பா.
உள்ளே ஜன்னலின் பச்சை, கல்லாகிப்போய்.
கறையானுக்கு அடித்த மருந்து, முக்கால் கேன்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் எலி பாஷாணம்
(ஹார்லிக்ஸ் லேபிள் இன்னும் கிழியவில்லை).
டார்ச்சுக்குள்ளேயே பொங்கிச் செத்த பேட்டரிகள்.
பழைய சேலையில் சுற்றிய டியூப் லைட்டுகள்,
யாரோ கிடத்தித் தூங்கவைத்ததுபோல.

"கொல்லையில குழி தோண்டிக் கொட்டு" என்றான் தேனப்பன்,
சிங்கப்பூரிலிருந்து, வீடியோ காலில்.
"பாத்ரூம்ல ஊத்தித் தண்ணி விட்டுரு" என்றாள் அவன் தங்கை.
எனக்கு ஓட்டுச் சரிவு ஞாபகம் வந்தது.
மழைத்தண்ணி முற்றத்தில் விழுந்து
முற்றத்திலிருந்து கால்வாய்க்குப் போய்
கால்வாயிலிருந்து ஊருணிக்குப் போகும்படி கட்டிய தெரு இது.
ஒரு சொட்டு வழி தவறாது.
நாம் ஊற்றுவது மட்டும் தவறிவிடுமா?

யோசித்துக்கொண்டே பெட்டியைக் கவிழ்த்தேன்.
தெர்மாமீட்டர்.

ஆத்தங்குடிக் கல்லின் நீலப் பூவில்
பாதரசம் சிதறி ஓடியது.
என்ன புத்தியோ, எண்ணினேன்:
பதினொன்று.
அத்தனை அழகாக இருந்தது. விரலை நீட்டினேன்.

"தொடாதீங்க. தொடப்பமும் வேணாம்.
ஃபேன நிப்பாட்டுங்க. சன்னலத் திறங்க. புள்ளைய வெளிய அனுப்புங்க."
பேரூராட்சி வண்டியோடு வந்த மாரிக்கண்ணு
வாசலில் நின்றே சொன்னாள்.
பிறகு செருப்பைக் கழற்றப் போய், நினைத்துக்கொண்டு, போட்டபடியே வந்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பாவும் சொல்லவில்லை.

கெட்டி அட்டை ஒன்று கேட்டாள்.
அகப்பட்டது ஒரு கல்யாணப் பத்திரிகை.
பத்து வருஷமாய்ப் பேச்சில்லாத இரண்டு பங்காளிகள்
அதில் அடுத்தடுத்து அழைத்திருந்தார்கள்.
அதன் விளிம்பால் அவள் ஒதுக்க ஒதுக்க
மணியோடு மணி தொட்டது, ஒன்றானது.
வழக்கு இல்லை, வக்கீல் இல்லை.
மூடி இறுகும் ஊறுகாய்ப் பாட்டிலில் இறக்கினாள்.
கையுறைக்கு மேலே, மணிக்கட்டில், தையல் போட்ட தடம்.
"டியூப் லைட்டு. சோத்துக் குப்பையோட ஒடச்சுப் போட்டிருந்தாங்க"
என்றாள், தேவகோட்டை பஸ் போய்விட்டது என்பதுபோல.

அதன்பின் வேலை மெதுவாக நடந்தது.
எதையும் எதனோடும் கலக்கவில்லை.
டியூப் லைட்டுகளை உடைக்காமல் அட்டைப் பெட்டியில் வைத்தோம்.
ஹார்லிக்ஸ் லேபிளை நானே சுரண்டி எடுத்து
விஷம் என்று எழுதி ஒட்டினேன்.
எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது.
அந்த பாட்டிலிருந்த அலமாரிக்குக் கீழேதான்
கோடை விடுமுறைகளில் நாங்கள் ஒளிந்து விளையாடினோம்.

கடைசியாக ஒரு தகர டின்.
பெயரில்லை, வாசனையில்லை, ஆட்டினால் ஏதோ அசைகிறது.
"இது என்னங்க?"
பதினோரு பங்காளிகளிடமும் கேட்டேன்.
பத்திரத்தின் ஒவ்வொரு வரிக்கும் தாத்தா பெயரோடு
சாட்சி சொன்னவர்கள்
தரையைப் பார்த்தார்கள்.

பாகப்பிரிவினைப் பட்டியலின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதினேன்:
என்னவென்று தெரியாது. திறக்க வேண்டாம்.
கீழே என் கையெழுத்து, உமையாள்.
மாரிக்கண்ணு அதை மற்றவற்றோடு சேர்க்காமல்
வண்டியில், சிவப்புத் தொட்டிக்குப் பக்கத்தில்,
சாயாமல் தனியாக வைத்தாள்.