ஏழு வரை

பகலில் நான் தவணை கேட்கும் குரல்.
கிண்டியில் மூன்றாம் மாடி, காதில் ஹெட்செட்.
மாலையில் சைதாப்பேட்டை சமுதாயக் கல்லூரி,
மனநல ஆலோசனை டிப்ளமோ,
காற்றாடி எட்டாத கடைசி பெஞ்ச்.

ரோல் பிளேயில் ஆக்னஸ் அழுதாள், பொய்யாகத்தான்.
பதறிப்போய் “கவலைப்படாதீங்க” என்றுவிட்டேன்.
இரண்டு மார்க் போச்சு.
அழுகிறவரிடம் பேச்சைத் திணிக்காதே,
மனசுக்குள் ஏழு வரை எண்ணு
என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

இன்று காலை
எர்ணாவூர்க்காரர் ஒருவர், மூன்று தவணை பாக்கி.
“எப்ப சார் கட்டுவீங்க?”
பதில் இல்லை.
எங்கோ பின்னால் குக்கர் விசில்.
ஒன்று, இரண்டு.
ஐந்தில் மூக்கை உறிஞ்சினார்.
ஆறில் என் திரை சிவப்பாகி மினுக்கியது.
ஏழைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“லைன்ல இருக்கியாம்மா?”

இருக்கேன்.