எட்டு எழுத்து

எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.
ஒஸ்தியாத் துறைமுகத்தில் கல் வெட்டுகிற எல்லாருக்கும் அதே கணக்குதான்.
உப்புக்காற்று பளிங்குத்தூளைக் கண்ணில் அப்பிய
ஒரு முற்பகலில் வந்தார்கள்
ஹெடுலுசும் அவன் மனைவியும்.
துணி வெளுக்கும் பட்டறையில் மிதிக்கிறவர்கள்;
முழங்கால்வரை சுருங்கி வெளுத்த கால்கள்.

பிள்ளை பெயர் மெலித்தினே.
ஓராண்டு, ஏழு மாதம், பன்னிரண்டு நாள்
என்று அவன் நிறுத்தினான்.
நாலு மணி நேரம், என்றாள் அவள்.

நேரத்துக்கு ஏழு வெட்டு கூடும், என்றேன்:
சொல்லுக்கு மூன்று,
எண்ணுக்கு நாலு கோடு.
அவன் சுருக்குப்பையை அவிழ்த்தான்,
மறுபடி முடிந்தான்.

பாதாள தேவர்களுக்கு இரண்டெழுத்து.
"மண் உனக்குக் கனக்காதிருக்கட்டும்" என்பதற்கு
நாலே எழுத்து:
கேட்டுக் கேட்டுத் தேய்ந்த வேண்டுதல், மலிவு.
நேரம் அப்படியில்லை.

விடியலில் பிறந்தாள், என்றாள்.
போன அன்றும்
விடிந்தபின் நாலு மணி நேரம் இருந்தாள்.
தேன் தொட்டு வைத்தேன்.
சப்பினாள்.

பிறகு கல்லில் நான் செம்மண்ணால் தீட்டியிருந்த வரியில்
விரல் வைத்தாள். இது என்ன?
உன் பெயரம்மா. அம்ப்லியாட்டா. எட்டு எழுத்து.
எடுத்துவிடுங்கள். தாய் என்றிருந்தால் போதும்.
என்னை அவள் பெயர் சொல்லியா கூப்பிட்டாள்?

எட்டில் ஏழு போக
ஓர் எழுத்துக்கு இடம் மிஞ்சியது.
அங்கே ஒரு கொடியிலை வெட்டினேன்.
காசை எண்ணித்தான் வாங்கினேன்;
ஒன்று தேய்ந்த காசு.

என் வீட்டில் கல் இல்லை.
பல் முளைக்காததை எரிப்பதில்லை.
ஆப்பிரிக்காவிலிருந்து எண்ணெய் வந்த சாடி,
அதன் கழுத்தை இதே உளியால் உடைத்து
உள்ளே கிடத்தி
கூரை இறவாரத்தின் கீழே புதைத்தோம்.
ஆண்பிள்ளைக்கு ஒன்பதாம் நாள் பெயர்;
அவன் ஆறோடு சரி.
அவ்வளவு சிறியதற்குத் துக்கம் காக்கிற முறையுமில்லை.
மறுநாள் பட்டறை திறந்தேன்.
யாரோ ஒரு மாலுமிக்கு நீளமான கல்.

மழை வந்தால் புரோகுலா
ஓட்டுநீர் பிடிக்கப் பானைகள் வைப்பாள்,
மூன்று பக்கம் மட்டும்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

அன்றிரவு வேறொன்று கேட்டேன்.
நம் பையன்,
ஆறு நாள், அதற்கு மேல்
எத்தனை மணி நேரம்?

பயறு கிளறிக்கொண்டிருந்தவள்
திரும்பாமலே
பதினொன்று, என்றாள்.